வளவும் வெய்யிலும் – 7: நாலு மணி நிழல்

மானிப்பாய் மருதடி விநாயகருக்குச் சித்திரைப் புத்தாண்டன்று தேர். வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், மத்தியானம் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மானிப்பாய் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் 15ஆம் திகதியளவில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது மணி 12.10. இலங்கை நேரம் 82.5 பாகை நெடுங்கோட்டை வைத்து வகுத்தது. நாங்கள் 80இல் இருக்கிறோம். அந்த வித்தியாசம்தான் பத்து நிமிடம்.

அதற்குப் பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஓகஸ்ட் 28 அளவில் திரும்பி உச்சிக்கு வரும்வரை, மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று பத்தடித் தூணின் உச்சி வேளை நிழல் இரண்டரை அடிதான், அதுவும் தெற்கே விழும். டிசம்பர் 21 அன்று அதே தூணுக்கு ஆறரை அடி, வடக்கே. 'தெற்குப் பக்கம் மரம் வை, வீடு குளிரும்' என்று கனடாவிலிருந்து அண்ணை சொல்வார். ரொறன்ரோவுக்கு அது சரி. இங்கே வைகாசி, ஆனி வெக்கைக்கு அந்த மரம் ஒன்றும் செய்யாது.

உச்சி வெய்யிலுக்கு வேலியும் மதிலும் உதவா, தலைக்கு மேலே பந்தல்தான் வேண்டும். உண்மையான சண்டை பின்னேரத்தோடு. மே மாத நடுவில் நாலு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 பாகை உயரத்தில், நேர் மேற்கிலிருந்து 16 பாகையளவு வடக்கே சரிந்து நிற்கும். பத்தடி வேலி பதினைந்தடி நிழல் தரும். ஆகவே பின்விறாந்தைக்கு நிழல் வேண்டுமென்றால் வேம்போ பூவரசோ வடமேற்கு மூலையை ஒட்டி நிற்க வேண்டும். வேம்பு மாசியில் இலை கொட்டினாலும் சித்திரைக்குள் துளிர்த்துவிடும். நல்ல காலமாக, சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. மரம் அதை மறிக்காது. அந்தப் பக்கத்தில் மதில் கட்டிக் காற்றை அடைப்பவர்களை என்னால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை. கிடுகு வேலியாவது காற்றை விடும். சீமெந்து மதில் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் முற்றத்தில் கக்கும்.

தெற்குப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள். தை, மாசியில் புழுக்கொடியல் காயவைக்கப் பாய் விரிக்கும் இடம் அது. அந்த நாளில் சூரியன் தெற்கே சரிந்திருக்கும். பத்தடி மதில் இருந்தால் மத்தியானத்திலும் ஐந்தடி அகலத்துக்கு வெய்யில் படாது.

திசை பிடிக்கப் போன் திசைகாட்டியை நம்பவேண்டாம், பக்கத்தில் கம்பி வைத்த தூண் இருந்தால் ஊசி ஏமாற்றும். முற்றத்தில் ஒரு தடியைத் தூக்குநூல் பிடித்து நேராக நட்டு, அதைச் சுற்றிக் கயிற்றால் வட்டம் கீறுங்கள். காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும், பின்னேரம் வெளியேறும் இடத்தையும் இணைத்தால் அதுதான் கிழக்கு மேற்கு. இந்த மண்ணுக்கு வானக் கணக்கு புதிதல்ல. உள்ளமுடையான் என்ற தமிழ் நூலை ஹொய்சிங்டன் பாதிரியார் ஆங்கிலத்தில் பெயர்க்க, அமெரிக்க மிஷன் அச்சகம் 1848இலேயே வெளியிட்டிருக்கிறது.

சித்திரையில் ஒரு நாள், ஆனியில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள், பின்னேரம் நாலு மணிக்கு அந்தத் தடியின் நிழல் நுனியில் ஆணி அடித்து வையுங்கள். பந்தலுக்குத் தூண் நட மேசனைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.