விசா கிடைச்சாச்சு, வைத்தியத்துக்கு?

வெளிநாட்டு வேலை என்றதும் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். நடுராத்திரியில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது, யார் பணம் கட்டுவது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

என் தங்கை கேட்டாள். அவள் கணவருக்கு லண்டன், டொரான்டோ, சிங்கப்பூர் மூன்று ஊரிலும் வேலை வந்தது. மூத்தவனுக்கு நாலு வயசு. அடிக்கடி வீசிங் வரும். இவளோ நாலு மாசம் முழுகாமல் இருக்கிறாள். "அக்கா, சம்பளத்தை அவர் பார்த்துக்கட்டும். நாம ஆஸ்பத்திரியைப் பார்ப்போம்" என்றாள். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதினோம்.

இங்கிலாந்து

1948-ல் தொடங்கிய என்.எச்.எஸ். பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கிறது. போனவுடன் வீட்டுப் பக்கத்துக் குடும்ப டாக்டரிடம் பெயரைப் பதிந்துவிட வேண்டும். டாக்டரைப் பார்க்கவோ பிரசவத்துக்கோ தனியாகப் பணம் கிடையாது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிக்கும், பிரசவமாகி ஒரு வருஷம் வரை தாய்க்கும் மருந்துச் சீட்டு இலவசம். ஆனால் விசா மனுவோடேயே மருத்துவக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுன், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 776 பவுன். 3 வருஷ விசா என்றால் இவர்கள் மூவருக்கும் 8,538 பவுன்! அவசரமில்லாத நோய்க்கு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம்.

கனடா

இங்கே மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோவில் மூன்று மாசக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ வந்த மாசம் போக இன்னும் இரண்டு மாசம் காத்திருக்க வேண்டும். அதுவரை தனியார் இன்ஷூரன்ஸ்தான். டாக்டர், ஆஸ்பத்திரி, பிரசவம் எல்லாம் மாகாண அட்டையில் அடங்கும். பெரியவர்களின் மருந்தும் பல் வைத்தியமும் பொதுவாக அடங்காது. நிரந்தரமாக ஒரு குடும்ப டாக்டர் அமைவதுதான் பெரும்பாடு.

சிங்கப்பூர்

அரசாங்கச் சலுகை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். மற்றவர்களுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் அல்லது கைக்காசு. அதனால் பாலிசியில் மூன்றைத் தேடிப் படியுங்கள்: மனைவி, பிள்ளை சேர்த்தியா? பிரசவம் உண்டா? ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா? தங்கை வீட்டுக்காரருக்கு வந்த பாலிசியில் பிரசவமும் இல்லை, பிள்ளையின் வீசிங்கும் இல்லை. சம்பளம் அதிகம்தான், ஆனாலும் அதை அடித்துவிட்டோம்.

லண்டன் கம்பெனியிடம், "மருத்துவக் கட்டணத்தை நீங்களே கட்டுவீர்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார், சரி என்றார்கள். அதோடு முடிவாயிற்று. வாய் திறந்து கேட்பதில் வெட்கம் எதற்கு?

கிளம்புமுன்

* குழந்தையின் தடுப்பூசி அட்டை, கர்ப்பகால ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள்.
* மருந்தின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நம்மூர்ப் பெயர் அங்கே விளங்காது.
* இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட வேண்டாம்.
* கர்ப்பிணி என்றால் சீக்கிரமே பயணப்படுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு பல விமானக் கம்பெனிகள் டாக்டர் கடிதம் கேட்கும்.
* இங்கிலாந்தில் அவசரத்துக்கு 999, கனடாவில் 911, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995. போன அன்றே அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.