தோட்டத்து டெப்பும் வியாபாரியின் அமானத்தும்

வெயில் காலம் தொடங்கினால் ஹாட்வெயார் கடைகளில் தோட்டத்து டெப், ஹோஸ் விற்பனை சூடுபிடித்து விடும். "ஆகக் குறைஞ்ச விலையில ஒன்டு தாங்க" என்பதே அநேகரின் கோரிக்கை. கேட்டதைக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவதோடு பல வியாபாரிகள் நின்று விடுகிறார்கள். சில மாதங்களில் டெப் ஒழுகத் தொடங்க, வாடிக்கையாளரும் வேறு கடை தேடிப் போய்விடுகிறார்.

நான் கண்டவரை, வெளி டெப்களில் முதலில் பழுதாவது பொருத்துத்தான். ஹோஸை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் முழுவதும் பீவீசீ சொக்கட்டின் புரியில் விழுகிறது. எனவே பித்தளைப் புரி பதித்த சொக்கட்டைப் போட்டு, பைப்பைச் சுவரிலோ கொங்கிரீட் தூணிலோ இரண்டு இடங்களில் கிளிப் அடித்து இறுக்க வேண்டும். திரெட் டேப்பைப் புரி இறுகும் திசையில் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் இறுக்கும்போது கழன்று விடும். வெயில் படும் பீவீசீ நாளடைவில் நொறுங்கும். எமல்ஷன் பெயின்ட் பூசினால் அதன் ஆயுள் கூடும். ஹோஸ் நூல் பின்னல் உள்ளதாகவும், கிளிப் ஸ்டெயின்லஸ் ஸ்டீலாகவும் இருப்பது நல்லது. உப்புக் காற்று வீசும் கரையோர ஊர்களுக்கு இது மிக அவசியம்.

செக்கனுக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லீற்றர், மாதத்துக்கு 600 லீற்றர் வீணாகிறது. நீர்க் கட்டணப் பட்டியலில் 1,000 லீற்றர்தான் ஓர் அலகு. வீண்விரயத்தை மார்க்கமும் கண்டிக்கிறது.

இன்னொன்று. குரோம் பூசிய பித்தளை டெப்பும் குரோம் பூசிய நாக உலோக டெப்பும் பார்வைக்கு ஒன்றே. பின்னது பாரம் குறைந்தது, சீக்கிரம் அரித்து விடும். வாங்குபவருக்கு இது தெரியாது, விற்பவருக்குத் தெரியும். அமானத் இருப்பது இந்த இடத்தில்தான். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அந்தப் பரக்கத் அழிந்து விடும் என்ற கருத்தில் ஹகீம் பின் ஹிஸாம் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது.

டெப், சொக்கட், திரெட் டேப், கிளிப் எல்லாவற்றையும் ஒரே செட்டாகக் கட்டி வையுங்கள். மலிவானதன் விலையையும் நின்று பிடிக்கக் கூடியதன் விலையையும் ஒரே துண்டில் எழுதிக் காட்டி, வித்தியாசத்தைச் சொல்லுங்கள். தெரிவு வாடிக்கையாளருடையது. அவர் மலிவானதையே எடுத்தாலும் உங்கள் பொறுப்பு நிறைவேறி விடும். இன்ஷா அல்லாஹ், அடுத்த தேவைக்கும் உங்களிடமே வருவார்.