கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சாச்சு... செலவு முடிஞ்சுதா?

போன மாசம் செக்கப்புக்குக் கூப்பிட்டேன். "உடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் போலாம்"னு அம்மா தள்ளிப்போட்டாங்க. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு 2 வருஷம் ஆகுது. உண்மையான காரணம் பிறகுதான் தெரிஞ்சது: என் இ.எம்.ஐ. பத்தின கவலை!

ஆபரேஷன், கீமோ செலவை இன்ஷூரன்ஸ் பாத்துக்கிச்சு. ஆனா டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவு, பெரும்பாலான பாலிசிகளில் 60 முதல் 180 நாள் வரைதான் கிடைக்கும். ஃபாலோ-அப் அப்படியில்லை. டாக்டர் ஃபீஸ், வருஷாவருஷம் மேமோகிராம், பலருக்கு 5 முதல் 10 வருஷம் ஹார்மோன் மாத்திரை. எல்லாமே பெரும்பாலும் நம்ம கைக்காசுதான்.

என்ன செய்யலாம்?

1. உங்க பாலிசியில் 'போஸ்ட் ஹாஸ்பிடலைசேஷன்' எத்தனை நாள், ஓ.பி.டி. கவர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

2. ஒரு வருஷ ஃபாலோ-அப் செலவை 12-ஆல் வகுத்து, அந்தத் தொகைக்குத் தனி ஆர்.டி. போடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க.

3. செக்கப்புக்கு வெளியூர் போறீங்களா? ரயில்வே சலுகை உண்டு. ஸ்லீப்பர், ஏ.சி. 3 டயரில் நோயாளிக்கு 100%, துணைக்குப் போறவருக்கு 75%.

அம்மாவுக்குன்னு ஆர்.டி. ஆரம்பிச்சு, போன்ல காட்டினேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அப்பாயின்ட்மென்ட் என்னைக்குப்பா?"ன்னாங்க.