கையில் காசில்லாமல் குறும்படம்... நடிகர், கேமராமேன், எடிட்டரைப் பிடிப்பது எப்படி?

கதை ரெடி. செல்போனிலேயே 4கே தரத்தில் படம் பிடிக்கலாம். எடிட் செய்ய இலவச மென்பொருளும் இருக்கிறது. ஆனால், நடிக்க யார் வருவார்? ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு மைக் பிடிக்க யார் எழுந்து வருவார்? சம்பளம் தர முடியாத முதல் படத்தில் பலரும் திணறுவது இங்கேதான்.

"சும்மா வந்து நடிச்சுக் கொடு மச்சி" என்றால் நண்பர் ஒருநாள் வருவார். மறுநாள் போனை எடுக்க மாட்டார். பாதி எடுத்த படம் ஹார்ட் டிஸ்க்கிலேயே தூங்கும். இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்?

எத்தனை பேர் தேவை?

பெரிய கூட்டம் வேண்டாம். இயக்குநரைத் தவிர கேமராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், உதவி இயக்குநர் ஒருவர், எடிட்டர் ஒருவர். இந்த 4 பேர் உறுதியானால் குறும்படத்தைத் தொடங்கிவிடலாம்.

இதில் பலரும் கோட்டை விடுவது ஒலியில். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூட பார்த்துவிடுவார்கள். வசனம் கேட்கலைன்னா அடுத்த நிமிஷமே மூடிவிடுவார்கள். அப்புறம் டப்பிங்குக்காக அதே நடிகர்களிடம் இன்னொரு நாள் கெஞ்ச வேண்டியிருக்கும். எடிட்டரையும் ஷூட்டிங்குக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு ஆள் தேடினால், மாதக்கணக்கில் இழுக்கும்.

எங்கே தேடுவது?

உங்கள் படம் யாருக்குப் பயன்படுமோ, அவர்களிடம் போங்கள். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம், கல்லூரிகளின் விஸ்காம் துறைகள் ஆகியவற்றில் படிப்பவர்களுக்கு வேலை தேட ஷோ ரீல் வேண்டும். உங்களுக்கு கேமராமேன் வேண்டும். இரு தரப்புக்கும் லாபம்.

நடிப்புக்கு நாடகக் குழுக்களை அணுகலாம். ந.முத்துசாமி 1977-ல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பல நடிகர்கள் சினிமாவுக்கு வந்திருக்கிறார்கள். நடிப்புப் பயிற்சியே இல்லாதவர்களையும் ஒதுக்க வேண்டாம். மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை'யில் நடித்த 2 சிறுவர்கள் சென்னையின் குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். இருவருக்கும் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

சம்பளத்துக்குப் பதில் என்ன தருவது?

"நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்பது சம்பளம் ஆகாது. நீங்கள் உறுதியாகத் தரக்கூடியவை சில உண்டு. நேரத்துக்குச் சாப்பாடு, போக்குவரத்துச் செலவு, சொன்ன நேரத்தில் பேக்கப், டைட்டிலில் பெயர், படம் முடிந்ததும் அவரவர் காட்சிகளின் நகல். குறைந்தபட்சம் இதற்காவது கையில் பணம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காசே இல்லாத படத்திலும் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்று, உழைப்புக்கு உழைப்பு. இன்று உங்களுக்கு கேமரா பிடித்தவரின் படத்தில் நாளை நீங்கள் உதவி இயக்குநர். இப்படிச் சேரும் கூட்டணிகள் நீண்ட நாள் நிலைக்கும். கார்த்திக் சுப்பராஜின் குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதிதான், 2012-ல் வெளியான அவரது முதல் படமான 'பீட்சா'வின் ஹீரோ.

நோலன் எப்படிச் சமாளித்தார்?

கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படம் 'ஃபாலோயிங்' 1998-ல் வந்தது. செலவு சுமார் 6,000 டாலர். நண்பர்கள்தான் நடிகர்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், வார இறுதிகளில் மட்டும் ஏறத்தாழ ஓராண்டு படமாக்கினார். பிலிம் செலவைக் குறைக்க முன்கூட்டியே நன்றாக ஒத்திகை பார்த்து, ஓரிரு டேக்குகளில் முடித்தார். அடுத்தவர் நேரத்தை மதித்தால், காசு வாங்காமலும் கடைசி வரை வருவார்கள்.

நண்பர்தானே, எழுதி வாங்கணுமா?

கண்டிப்பாக. படம் நன்றாக வந்தால்தான் சண்டையே ஆரம்பிக்கும்!

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 38-வது பிரிவு நடிகர்களுக்கும் உரிமை தருகிறது. தன் நடிப்பைப் படத்தில் சேர்க்க அவர் எழுத்துபூர்வமாகச் சம்மதித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்துவதற்கு ஆட்சேபம் தெரிவிக்க முடியாது. இசையமைப்பாளர் தன் பாடலின் உரிமையை மாற்றித் தருவதும் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும்.

ஒரு பக்கம் போதும். எத்தனை நாள், என்ன வேலை, டைட்டிலில் என்ன பெயர், பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு, எடுத்த காட்சிகள் யாரிடம் இருக்கும். இவற்றை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். காட்சிகளை 2 ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் நடித்தால்?

மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நடிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஷூட்டிங் எங்கே, யார் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும் என்று முதலிலேயே கேளுங்கள். குறிப்பாகப் பெண்கள், வீட்டில் ஒருவரிடமாவது இந்த விவரங்களைச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஆடிஷன் பொது இடத்தில் நடக்கட்டும். "பதிவுக் கட்டணம் கட்டுங்க, சான்ஸ் உறுதி" என்றால் உடனே விலகிவிடுங்கள். சம்பளம் தராத படத்தில் நடிக்கலாம், அது உங்கள் விருப்பம். ஆனால், நடிப்பதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.