கடை இருந்த சுவடு

பகலில் கூடும் நாளங்காடியையும் மாலையில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சியிலே மாங்குடி மருதனார் பாடியிருக்கிறார். அதைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் என்னிடம் கேட்பதுண்டு: "சேர், அந்தக் கடைகள் இப்போது எங்கே?" நியாயமான கேள்விதான். புலவர் பாடிய கடைக்கொடிகள் துணி, அவை மக்கிவிடும். அப்படியானால், ஓர் இடிபாடு கடையாக இருந்தது என்பதை ஆய்வாளர் எவ்வாறு அறிகிறார்?

இத்தாலியிலுள்ள பொம்பேயி இதற்கு நல்ல பாடம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பல் அந்த உரோம நகரை மூடியது. அங்கே தெருவை நோக்கிய அகன்ற வாயில்கள் பலவற்றின் வாசற்படிக் கல்லிலே நீண்ட தவாளிப்பு உண்டு. கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடையடைப்பதற்கான பள்ளம் அது. கினிகத்தேனை போன்ற எங்கள் மலையக நகரங்களில் பலகைக் கதவுக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே சென்றால், கட்டிய மேடையும் அதில் பதித்த பெரிய மண்சாடிகளும் இருக்கும். 2020இல் முழுமையாக வெளிப்பட்ட ஓர் உணவுக்கடையின் சாடிகளிலே வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. மேடையின் முகப்பிலே வாத்தும் சேவலும் வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன.

தமிழ் மண்ணிலே உரோமரோடு வணிகம் நடந்த ஊர், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. 1945இல் மோட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மதுச்சாடித் துண்டுகளும், இத்தாலியின் அரெற்சோ மட்கலங்களும், பண்டசாலை என அவர் கருதிய செங்கற் கட்டடமும் வெளிப்பட்டன. தமிழ்ப் பிராமி பொறித்த ஓடுகளும் கிடைத்தன. ஆயினும் பொம்பேயி போலச் சாடியும் மேடையுமாக ஒரு கடைத்தெரு அங்கே கிடைத்துவிடவில்லை. சாம்பல் மூடிக் காத்தது. அரியாங்குப்பம் ஆறோ மேட்டின் ஒரு பகுதியை அரித்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் பழைய கடைகளோ மரமும் தகரமும். அவற்றை எந்தச் சாம்பலும் காக்கப் போவதில்லை. தோட்டத்து மூத்தோரின் பெயர்கள் பதிவான இடங்களும் சிலவே: ஒன்று செக்றோல், மற்றொன்று கடைக்காரரின் கடன் கொப்பி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களிடம் ஆதாரம் கேட்டபோது ஒரு துண்டுக் காகிதத்தின் அருமை தெரிந்தது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ கடையிலோ அத்தகைய பழங்கொப்பி இருந்தால் அதைச் சுருள் சுற்றக் கிழிக்காதீர்கள். எந்தக் கடை, யாருடையது, எந்த ஆண்டு என்று அட்டையிலே எழுதி, அருகிலுள்ள பாடசாலை நூலகத்தில் ஒப்படையுங்கள்.