குதிருக்குள் ஓராண்டு

நுழையும்முன்

மழை பொய்த்தாலும் ஆறு பெருகினாலும் நோய் பரவினாலும் முதலில் அடைபடுவது கடைத்தெரு. அந்நாள்களில் ஒரு குடும்பத்தைக் காப்பது வீட்டில் இருக்கும் தானியமே. மதுரைச் சமவெளி மக்கள் அதனை எவ்வாறு சேர்த்தனர், எவ்வாறு இழந்தனர், இன்று குறைந்த செலவில் அதனை எப்படி மீட்கலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மானாமதுரையில் வாழ்க்கைப்பட்ட நல்லதங்காள், பஞ்சம் தாங்காமல் தன் ஏழு குழந்தைகளுடன் அண்ணன் ஊராகிய அர்ச்சுனாபுரத்திற்கு நடந்து சென்ற கதையைத் தென்பாண்டிச் சீமையில் அறியாதார் இல்லை. கதையின் துயர முடிவே நம் நினைவில் தங்கியிருக்கிறது. அதற்கு முன்னுள்ள ஒரு செய்தி கவனிப்புக்கு உரியது. அண்ணன் வீட்டில் தானியம் இருந்தது. தங்கை வீட்டில் இல்லை. இரண்டு வீடுகளுக்கும் இடையே சில நாள் நடைத் தொலைவுதான்.

இந்நிலத்திற்குப் பஞ்சம் புதிதன்று. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை இல்லாமற்போன செய்தியை மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. ஆபுத்திரன் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற இடமும் மதுரைதான். வற்றாத உணவுப் பாத்திரம் என்னும் கற்பனை, பசியை நன்கு அறிந்த ஒரு மண்ணில்தானே பிறக்க முடியும்? மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி தொடங்கி மார்கழி முடிய உள்ள வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. அந்தச் சில வாரங்கள் ஏமாற்றிவிட்டால் தை மாத அறுவடை இல்லை. ஆகவே ஒரு விளைச்சலை அடுத்த விளைச்சல் வரையிலும், இயன்றால் அதற்கு அப்பாலும் நீட்டிக்கும் வழியை இங்குள்ள மக்கள் தேடினர்.

குதிரும் குலுக்கையும்

அவ்வழிக்குப் பெயர் குதிர். கரிசல் ஊர்களில் இதனைக் குலுக்கை என்பர். களிமண்ணுடன் வைக்கோலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, வளையம் வளையமாக உறை செய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசி உயர்த்துவார்கள். தரையின் ஈரம் ஏறாதிருக்கக் கல்லின்மீதோ செங்கல் மேடையின்மீதோ நிறுத்துவார்கள். "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்னும் பழமொழியே, ஓர் ஆள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு அது பெரியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

குதிரின் அமைப்பில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, தானியத்தைக் கொட்டுவது மேல்வாய் வழியாக. எடுப்பது அடியில் உள்ள சிறு துளை வழியாக. துளையின் அடைப்பை நீக்கினால் அடியில் கிடக்கும் பழைய தானியமே முதலில் வெளிவரும். புதியதை முன்னே எடுத்துப் பழையதை மூலையில் மறந்துவிடுவது இன்றைய சமையலறைகளில் அன்றாடம் நிகழ்கிறது. குதிரில் அந்த மறதிக்கு இடம் குறைவு. இரண்டாவது, மேல்வாயை மூடி மண்ணும் சாணமும் கொண்டு மெழுகிவிடுவார்கள். உள்ளே இருக்கும் தானியமும் பூச்சியும் மூச்சுவிட, உயிர்வளி குறைந்து கரியமிலவாயு கூடுகிறது. பூச்சி பெருக இயலாமல் தளர்கிறது. மண்சுவரில் நுண்துளைகள் உண்டாதலால் குதிரில் இது முழுமையாக நடைபெறாது. ஆயினும் நிரம்பிய, நன்கு மெழுகிய குதிர், திறந்த மூட்டையைக் காட்டிலும் பன்மடங்கு பாதுகாப்பானது.

இதே தத்துவம் பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் வேறு வடிவம் எடுத்தது. 1980களின் இறுதியில் காமரூன் நாட்டு உழவர்களின் தட்டைப்பயற்றை வண்டுகளிடமிருந்து காப்பதற்காக அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழக அறிஞர்கள் மூன்றடுக்குப் பை ஒன்றை உருவாக்கினர். உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள், வெளியே ஒரு சாக்கு. அவ்வளவே. மருந்து எதுவும் இல்லாமல் காற்றை அடைத்தே வண்டுகளை அடக்கினார்கள்.

குதிரை நினைத்து நாம் பெருமைப்படும்போது ஒன்றை மறைத்தல் கூடாது. குதிர் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. நிலம் உடையவர் வீட்டில் குதிர் நின்றது. கூலிக்கு உழைத்தவர் வீட்டில் சில அடுக்குப் பானைகளே இருந்தன. பஞ்சம் வந்தபோது யார் முதலில் வீழ்ந்தனர் என்பதற்கு இந்த வேறுபாட்டில் விடை இருக்கிறது.

தாது வருடம்

1876ஆம் ஆண்டு பருவமழைகள் பொய்த்தன. அது தாது ஆண்டு. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தைத் 'தாது வருடப் பஞ்சம்' என்றே இன்றும் சொல்கிறோம். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் ஆகிய பகுதிகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுவர்.

பஞ்சத்திற்குச் சற்று முன்னர், 1875இல் மதுரைக்கு இரயில் வந்தது. 1876 தொடக்கத்தில் தூத்துக்குடி வரை நீண்டது. இரயில் பஞ்ச காலத்தில் தானியத்தைக் கொண்டுவந்ததும் உண்மை; விலை உயர்ந்த இடத்தை நோக்கி எடுத்துச் சென்றதும் உண்மை. சந்தையில் தானியம் இருந்தும் வாங்கக் கையில் காசு இல்லாமல் மக்கள் மடிந்தனர். பயிர் அழிந்தபோது நிலமற்றவருக்கு வேலையும் கூடவே அழிந்தது. கூலியே உணவாக இருந்தவர்க்கு இரண்டும் ஒரே நாளில் போயின. 1880இல் அறிக்கை அளித்த பஞ்ச ஆணையமும் இதனைக் குறித்தது. வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூல், உணவு இருப்பதும் அது ஒருவருக்குக் கிட்டுவதும் வேறுவேறு என்பதை விரிவாக நிறுவியது.

அக்காலத்தில் நிவாரணப் பணிகளில் மண் சுமந்தவருக்கும் கல் உடைத்தவருக்கும் எவ்வளவு கொடுத்தனர்? 1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அளவு, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். உடல் உழைப்பின்றி இருப்பவருக்கே பருப்பும் எண்ணெயும் இல்லாமல் இது போதாது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்து வாதிட்டார். அளவு பின்னர்ச் சற்று உயர்த்தப்பட்டது. அப்பஞ்ச நாள்களில் வடக்கு ஆவணி மூல வீதியில் வாழ்ந்த குஞ்சரம் என்னும் பெண்மணி தம் செல்வத்தை விற்றுப் பசித்தவர்க்குக் கஞ்சி ஊற்றியதாக மதுரையில் செவிவழிச் செய்தி வழங்குகிறது.

பின்னாளில் நிலைமை மாறியது. பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு, மேலூர் வரை நெல் வயல்கள் விரிந்தன. இந்திய உணவுக் கழகம் 1965இலும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இலும் தோன்றின. குதிர் வீட்டை விட்டு அரசின் கிடங்கிற்கு இடம்பெயர்ந்தது எனலாம். இது பெரும்பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் கிடங்கிற்கும் அடுப்பிற்கும் இடையே ஒரு தெரு இருக்கிறது. 2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சியிலும் சுற்றுப்பகுதிகளிலும் முழு ஊரடங்கு வந்தபோது அந்தத் தெரு அடைபட்டது. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது அத்தெரு நீரில் மூழ்கியது.

எவ்வளவு வேண்டும்?

நால்வர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். காய்கறி அரிதாகும் நெருக்கடி நாளில் ஒருவருக்கு 400 கிராம் தானியம், 80 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய் என்று வைத்தால் ஏறத்தாழ 1,900 கிலோ கலோரி கிடைக்கும். மாதத்திற்குத் தானியம் 48 கிலோ. பருப்பு 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெய் 3 கிலோ. மூன்று மாதத்திற்கான தானியம் 144 கிலோ. கேட்கும்போது மலைப்பாக இருக்கிறது. ஆனால் அது ஏறத்தாழ ஒரு 200 லிட்டர் டிரம்மில் அடங்கும் அளவுதான். மாதம் 12 கிலோ கூடுதலாகச் சேர்த்தால் ஓராண்டில் நிறைவேறும்.

மாதம் 12 கிலோவும் இயலாத வீடுகள் பல. அவர்களுக்காகவே நம் பெண்கள் பிடியரிசி என்னும் வழக்கத்தை வைத்திருந்தனர். உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவது அது. ஒரு பிடி 40 கிராம் என்றாலும் ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். நியாயவிலைக் கடையில் பெறும் விலையில்லா அரிசியில் உண்டது போக மீதி இருந்தால் அதுவும் இதற்கு உதவும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இது பதுக்கல் ஆகாதா? விலை ஏறட்டும் என்று காத்திருந்து விற்பது பதுக்கல். அறுவடை முடிந்து விலை இறங்கியிருக்கும்போது தன் வீட்டிற்கு வேண்டியதைச் சிறிது சிறிதாக வாங்கிவைப்பது அவ்வாறன்று. நெருக்கடி அறிவித்த மாலையில் கடைக்கு ஓடி ஐந்து மூட்டை வாங்குவதுதான் அண்டை வீட்டாரின் பங்கைக் குறைக்கிறது.

எதனை, எவ்வாறு?

எல்லாத் தானியமும் ஒரே அளவு நாள் தாங்குவதில்லை. உமியோடு இருப்பது நீண்ட நாள் இருக்கும்; உமி நீக்கியது விரைவில் கெடும். தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் சிக்கு வாடை வரும். பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பக்கம் விளையும் குதிரைவாலியையும் வரகையும் முழுத் தானியமாகவே சேமித்து, வேண்டும்போது குத்திக்கொள்வது நன்று. கம்பு மாவு சில நாள்களிலேயே கசந்துவிடும், மாவாக வைக்கலாகாது. நீண்ட சேமிப்பில் முதலிடம் கேழ்வரகிற்கு உரியது. அதன் சிறு மணியைப் பூச்சிகள் எளிதில் தாக்குவதில்லை; நன்கு உலர்ந்தால் பல ஆண்டுகள் கெடாது. நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவிற்குச் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கோபுரக் கலசத்தில் வரகு இட்டு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது மாற்றும் வழக்கம் உள்ளது. அது மின்னலைத் தாங்கும் என்று சிலர் கூறுவதை நான் ஏற்பதற்கில்லை. விதையைக் காப்பதற்கான ஏற்பாடு என்னும் விளக்கம் பொருத்தமாகத் தோன்றுகிறது.

சேமிப்பின் உயிர்நிலை ஈரத்தை நீக்குவது. நெல்லின் ஈரப்பதம் 12 முதல் 14 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும். பருப்பு, பயறுகளில் அதனினும் குறைவாக. இதனை அறியக் கருவி தேவையில்லை. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் தானியத்துடன் உலர்ந்த உப்பைப் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் தானியம் இன்னும் காயவில்லை. பல்லில் கடித்தால் நசுங்காமல் 'கடக்' என்று உடைவதே பாட்டியின் சோதனை; அதுவும் சரியே. வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு அடைத்துவிடக் கூடாது. உள்ளே வெப்பம் தணியும்போது நீர் முத்துமுத்தாக வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மாலையில் நிழலில் ஆறவிட்டே அடைக்க வேண்டும்.

துவரையைச் செம்மண் குழம்பில் பிசறிக் காயவைத்தால் பயறு வண்டு அதன்மேல் முட்டையிட இடர்ப்படும். 'மண் கட்டுதல்' என்று இதற்குப் பெயர். உளுந்து, பாசிப்பயறுகளில் சிறிது ஆமணக்கெண்ணெய் தடவுவதும், தானியத்தோடு காய்ந்த நொச்சி, வேப்பிலைகளை இடுவதும் உதவும். இலைகள் பூச்சியை விரட்டுவன. ஏற்கெனவே மணிக்குள் புகுந்ததைக் கொல்வன அல்ல. எனவே உலர்த்துவதற்கு அவை மாற்று ஆகமாட்டா. கிடங்குகளில் பயன்படுத்தும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் வீட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வெளிவரும் நச்சுவாயு உறங்குபவரின் உயிரையே பறிக்கும். பூசணம் பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கழுவிப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவதும் தவறு. அதன் நஞ்சு கொதிநீரிலும் அழியாது.

குதிர் கட்ட இடமில்லாத நகர வீட்டில் என்ன செய்வது? நன்கு கழுவி உலர்த்திய இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகளில் தானியத்தைத் தட்டித் தட்டி விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால் ஒவ்வொன்றும் ஒரு சிறு குதிர். அடைத்த மாதத்தை மேலே எழுதி, பழையதை முன்வரிசையில் வைக்க வேண்டும். புளி, கல்லுப்பு, கருப்பட்டி, மணத்தக்காளி வற்றல், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை நெருக்கடியில் வெறுஞ்சோற்றைச் சாப்பாடு ஆக்குவன. எண்ணெய்களில் நல்லெண்ணெய் மெதுவாகவே கெடும். அவலும் பொரிகடலையும் தனியே இருக்கட்டும். வெள்ளத்தில் அடுப்பு எரியாதபோது அவற்றைச் சமைக்க வேண்டியதில்லை. குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிட்டு மூடிய குடங்களில் வைத்து, அடிக்கடி மாற்ற வேண்டும்.

இவை அனைத்தையும் பரணிலோ உயர்ந்த பலகையிலோ வையுங்கள். தைப் பிறப்பிற்கு முன் பழைய புட்டிகளை ஒவ்வொன்றாக உலையில் தீர்த்து, புதுத் தானியம் வந்ததும் கழுவி, காயவைத்து, மீண்டும் நிரப்பத் தொடங்கலாம்.