தராசு பொய் சொல்லுமா?



கைத்தராசைப் பிடித்து எடை போட்ட காலம் போய், இன்று சின்னப் பெட்டிக்கடையிலும் மின்னணுத் தராசு வந்துவிட்டது. அதில் எண் தெரிந்தால் அதுவே வேதவாக்கு என்று நாமும் நம்புகிறோம், வாடிக்கையாளரும் நம்புகிறார். அந்த நம்பிக்கையால் நான் ஒரு நல்ல மனிதரை நோகடித்துவிட்டேன். என் தவறு மற்றவர்களுக்குப் பாடமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளாக எங்கள் கடைக்குப் புளி போடும் வியாபாரி ஒருவர் 15 மூட்டைகளை இறக்கினார். எங்கள் பிளாட்பாரத் தராசில் எடை போட்டதில், பட்டியலைவிட 3 கிலோ குறைந்தது. "அண்ணாச்சி, ஏத்தும்போது நானே பக்கத்துல நின்னு எடை போட்டேன், குறைய வழியில்லை" என்றார். "தராசு பொய் சொல்லுமா?" என்று கேட்டு, குறைந்த எடைக்குப் பணத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபேச்சு பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் சில்லறைக் கடைத் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, நேத்து வாங்கின பருப்பு மூட்டையில 200 கிராம் கூடுதலா இருக்கு" என்று நாணயமாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தராசு குறைத்துக் காட்டினால் வாங்கும்போது எதிராளிக்கு நட்டம், விற்கும்போது நமக்கு நட்டம். இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள்.

பழுது பார்ப்பவரை அழைத்தேன். தட்டைக்கூடத் தூக்கிப் பார்க்காமல், "லோடு செல் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார். அவரை அனுப்பிவிட்டு, கிடங்கில் இருந்த முத்திரையிட்ட 20 கிலோ எடைக்கல்லைக் கொண்டுவரச் சொன்னேன். நடுவில் வைத்தால் சரியாக 20 கிலோ. மூன்று மூலைகளிலும் சரி. நான்காவது மூலையில் மட்டும் 80 கிராம் குறைந்தது. மேல் தட்டை எடுத்துப் பார்த்தால், அந்த மூலையில் மேல்சட்டத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே புளியோடு ஒட்டிக் காய்ந்துபோன ஒரு புளியங்கொட்டை! அதை எடுத்ததும் நான்கு மூலையும் ஒன்றாகக் காட்டின.

இதன் காரணம் எளிது. தட்டின் அடியில் லோடு செல் என்னும் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியுள்ள மெல்லிய பட்டைகளின் மின்தடை அந்த வளைவுக்கேற்ப மாறும். அந்த மாற்றத்தையே மின்சுற்று எண்ணாக்கிக் காட்டுகிறது. ஆகவே பாரம் முழுவதும் லோடு செல் மீதே இறங்க வேண்டும். நடுவில் வேறு ஏதாவது தாங்கினால், தாங்கிய பங்கு கணக்கில் வராது.

எனவே தராசில் சந்தேகம் வந்தால், ஆளை அழைக்கும் முன் நாமே வரிசையாகப் பார்க்க வேண்டியவை:

1. தரை சமமா? தராசில் உள்ள நீர்மட்டக் குமிழி வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும்.

2. தட்டின் அடியில் தானியம், வெல்லத் துணுக்கு, சணல் நூல் ஏதும் சிக்கியுள்ளதா?

3. எடைக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள்.

4. பாரத்தை இறக்கியதும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா? அடியில் தடை ஏதும் இல்லாமலும் திரும்பாவிட்டால் லோடு செல் கெட்டிருக்கலாம். மூட்டையைத் தொப்பென்று போடுவதும், அளவுக்கு மேல் ஏற்றுவதும் அதைக் கெடுக்கும்.

5. எண் ஓடிக்கொண்டே இருக்கிறதா? மின்விசிறிக் காற்று, பலவீனமான பேட்டரி, ஈரம், எலி கடித்த ஒயர் ஆகியவை காரணமாக இருக்கலாம். விசிறியை நிறுத்தி, பேட்டரியை நன்றாகச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள்.

இவற்றிலும் சரியாகாவிட்டால் உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் முத்திரையை நாமே உடைக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளின்படி மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், எடைக்கற்களுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். பழுது பார்க்க முத்திரையைப் பிரித்தால், மறுபடி முத்திரையிட்ட பிறகே வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டும்.

முத்திரை ஆண்டுக்கு ஒரு முறைதான். புளியங்கொட்டை எந்த நாளிலும் சிக்கலாம். ஆகவே முத்திரையிட்ட எடைக்கல் ஒன்று கடையில் எப்போதும் இருக்கட்டும். காலையில் கடை திறந்து விளக்கேற்றியதும் அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

புளி வியாபாரிக்கு அன்றைக்கே போன் செய்து மன்னிப்புக் கேட்டு, பிடித்த பணத்தை அனுப்பி வைத்தேன். "விடுங்க அண்ணாச்சி" என்றார் அவர். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டேன். அவரிடம் அன்று கேட்ட அந்தக் கேள்வியைத்தான் திரும்ப வாங்க முடியவில்லை.